பாட்டு வராத படம்

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அதுவரை பேசாமல் வந்த இளையவள் சட்டென்று சொன்னாள்.

"நேத்து அந்தத் தொப்பிக்காரன் வூட்டுக்குத் திரும்பி வந்துட்டான்க்கா."

"எந்தத் தொப்பிக்காரன்?"

"டிவியில. மத்தியானத்துல பழைய இங்கிலீஷ் படம் போடறான். கருப்பு வெள்ள."

"இங்கிலீஷு உனுக்கு இன்னா புரியும்?"

"ஒண்ணும் புரியாது. எங்கூட்டுக்காரரு செத்து இன்னும் வருசம் திரும்பல. தமிழ்ப் படம் வெச்சா பாட்டு வந்துருது. சாவு வூட்ல பாட்டுக் கேக்குதுன்னு தெருவே பேசும். இதுல யாரும் பாடறதில்ல, பேசிக்கினே இருக்காங்க. வூட்ல ஆளுங்க இருக்கற மாதிரி இருக்குது."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"எந்தச் சேனலு?"

"நம்பரு தெரியாது. நியூஸெல்லாம் தாண்டிப் போய்க்கினே இரு. பாட்டுச் சத்தம் நின்னுபோற எடத்துல இருக்கும். நீயும் பாருக்கா."

சங்கராபுரம் வந்துவிட்டது. மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துட்டு போன் பண்றேன்."

"போன்லாம் வேணாங்க்கா. நான் பாக்கற நேரத்துல நீயும் பாத்துக்கினு இருக்கன்னு தெரிஞ்சா போதும்."