ஐம்பது நிமிட இடைவேளை

எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் அறையைப் பூட்டுவதில்லை. நீங்களும் பூட்டியிருக்க மாட்டீர்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் மூன்று நாள் கழித்தும் அங்கேயே நிற்கும். தேர்வுத் தாளையும் அந்த நம்பிக்கையில்தான் உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கண்காணிப்பாளர் கிடையாது. அறைக்கு எடுத்துப்போய், வசதியான நேரத்தில் பிரித்து, நான்கு மணி நேரம் எழுதி, நேரம் முடிந்ததும் நாமே ஒரு கோடு போட வேண்டும். அவசரம் என்றால் கடிகாரத்தை நிறுத்தலாம். நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் தாளில் குறிக்க வேண்டும். மொத்தம் தொள்ளாயிரம் பேர்தான். கோட்டுக்குப் பிறகு ஒரு சொல் எழுதுகிறவன்கூட அதை வேறு நிற மையில் எழுதுகிறான். படித்த நான்கு வருடத்தில் நானும் விதி மீறி ஒரு வரி எழுதியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர் நெறிக் குழு பழைய வழக்குகளைத் திரும்பப் படிப்பதாகவும், ஆமோஸ் டிலரியின் கோப்பிலுள்ள கையெழுத்திடாத கடிதம் என் எழுத்தைப் போல இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது என் எழுத்துதான். பதினோரு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

நான் டாஃப்ட்டில் வளர்ந்தவன். இங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் வரும் எண்ணெய்க் கிணற்று ஊர். எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது ஊர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. முடி வெட்டுகிறவர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். அந்த மனிதனாகத்தான் இங்கே வந்து இறங்கினேன். முதல் இயற்பியல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினேன். வகுப்பின் சராசரியும் அதுதான் என்றார்கள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

பக்கத்து அறையில் இருந்த ஆமோஸ் தொண்ணூற்று நான்கு வாங்கியிருந்தான். அவன் அர்க்கன்ஸாவில் கோழி அறுக்கும் ஆலை இருக்கிற ஓர் ஊரிலிருந்து வந்தவன். அவன் அம்மா அந்த ஆலையில்தான் வேலை செய்தாள். அளவு ஜாடியில் சோளப்பொரி போட்டுப் பால் ஊற்றித் தின்றுகொண்டே கணக்குப் போடுவான். என்னை ஒன்பது மணி நேரம் தின்ற கணக்கு அவனுக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. முடித்துவிட்டு என் அறைக்கு வருவான். என் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "டேய் ஹோல்கம், கிட்டத்தட்ட வந்துட்டடா. இந்த ஒரு குறிய மாத்து, அவ்ளோதான்" என்பான்.

இரண்டரை வருடம் நான் கிட்டத்தட்ட வந்துகொண்டே இருந்தேன். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் அவனை எளிதாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் கோபப்பட ஒரு காரணத்தைக்கூட அவன் தரவில்லை. கோபத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருடம் மார்ச்சில் பேராசிரியை வைகண்ட் தன் குளிர்நிலை ஆய்வகத்தில் கோடைக்கு ஒரே ஒரு மாணவரை எடுப்பதாகச் சொன்னார். குவாண்டம் தேர்வில் முதலாவது வருகிறவருக்கு அந்த இடம். அந்த முறை நான் நன்றாகத் தயாராகியிருந்தேன். வெள்ளிக்கிழமையே எழுதி உறையை ஒட்டிவிட்டேன். ஐந்தாவது கேள்வி மட்டும் வரவில்லை. ஆனால் அது யாருக்கும் வந்திருக்காது என்று தெரிந்தது, ஒருவனைத் தவிர.

ஆமோஸ் சனிக்கிழமை பத்து மணிக்கு எழுத ஆரம்பித்தான். எங்கள் தாழ்வாரத்தில் மற்றவர்கள் எல்லாரும் நூலகத்துக்குப் போயிருந்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு என் அறையில் கொதிக்கிற தண்ணீர் இடது காலில் கொட்டியது. நான் கத்தினேன். ஆமோஸ் ஓடிவந்தான்.

"என்னடா பண்ணித் தொலச்ச?"

"பாஸ்தா."

"இதுவா பாஸ்தா? கால அவிச்சு வெச்சிருக்க."

சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தன் அறைக்குப் போய், தாளில் நேரத்தைக் குறித்து, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். குப்பைத்தொட்டியைக் கழுவி அதில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து என் காலை உள்ளே விட்டான். ஆறு முறை தண்ணீர் மாற்றினான். மருத்துவரிடம் போகலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். முந்தைய வருடம் ஒரு தீ விபத்து நடந்ததிலிருந்து, அறையில் மின்னடுப்பு வைத்திருப்பது தெரிந்தால் விடுதியைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

"யாருகிட்டயும் சொல்லாத ஆமோஸ். வாக்குக் குடு."

"சரிடா, குடுத்தாச்சு. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? கால்தானே வெந்துச்சு, மூளையா?"

அவன் திரும்பிப் போனபோது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. தாளில் 'இடைவேளை, ஐம்பது நிமிடம், சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கிறான். அது உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

தண்ணீர் தானாகக் கொட்டியதா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். இல்லை. நான்தான் ஊற்றிக்கொண்டேன். கொதித்ததும் ஒரு நிமிடம் ஆறவிட்டால் சிவப்போடு நின்றுவிடும் என்று கணக்கிட்டிருந்தேன். அதில் சிறிய பிழை. அவன் கவனம் கொஞ்சம் கலைய வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். அதற்கு மேல் அப்போது நான் எதுவும் யோசித்திருக்கவில்லை. தோலை நானே கொடுத்தேன் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அன்று மாலை உணவுக்கூடத்தில் அவன் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தான். உட்கார்ந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அஞ்சாவது கேள்வி எப்போ புடிபட்டுச்சு தெரியுமா? உன் கால் தண்ணிக்குள்ள இருந்தப்போ. நீ வலிக்குது வலிக்குதுன்னு அனத்துற, எனக்கு இந்தப் பக்கம் பளிச்சுன்னு வந்து நிக்குது. உனக்குத்தான்டா நன்றி சொல்லணும்."

நான் அவனுக்கு உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

என் கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். ஆமோஸ் டிலரி தேர்வின் நடுவே காரணம் சொல்லாமல் ஐம்பது நிமிடம் நிறுத்தினார். ஐந்தாவது கேள்விக்கு அதன் பிறகே விடை எழுதினார். அந்த ஐம்பது நிமிடத்தில் அவர் கேள்வியைப் பற்றி யோசித்தாரா என்று அவரையே கேளுங்கள். மூன்றும் நேர்மையான வாக்கியங்கள். வேறு எந்தக் கல்லூரியிலும் அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். இங்கே மட்டும்தான் ஒருவனிடம் போய் நீ யோசித்தாயா என்று கேட்பார்கள். ஆமோஸ் மட்டும்தான் அதற்கு உண்மையைச் சொல்வான்.

விசாரணை, இன்று நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இதே அறையில் நடந்தது. குழுவில் ஆறு மாணவர்கள். லெனோர் காஸ்கெல் தலைவி. ஆமோஸ் முதல்முறையாகச் சட்டையை உள்ளே விட்டுக் கட்டியிருந்தான். என்னைப் பக்கத்து அறைக்காரன் என்று சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை. இரண்டு காலுறை போட்டு, அதற்கு மேல் ஷூ மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"எதுக்கு நிறுத்தின?" என்று கேட்டாள் லெனோர்.

"சொல்ல முடியாது. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அந்த ஒருத்தர் வந்து சொன்னாப் போதும் ஆமோஸ். இங்கயே முடிச்சிடலாம்."

"வருவாங்க."

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் ஷூவைப் பார்த்தான், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

"ஆமா, யோசிச்சேன்" என்றான். "நிறுத்தணும்னுதான் பாத்தேன். நெனப்ப எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

"அப்போ உனக்கு நாலு மணி அம்பது நிமிஷம் கெடைச்சிருக்கு. மத்தவங்களுக்கு நாலுதான்."

"புரியுது."

"காலேஜ்ல உன் எடமே போயிடும். தெரியும்ல?"

"தெரியும் லெனோர். போச்சுன்னா நான் கோழிதான் அறுக்கணும்." யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்து என் முறை.

"அன்னிக்கு ஆமோஸ் ரூம்ல ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்டுதா?"

"இல்ல."

"அவன் ரூமுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. நான் முழு நேரமும் என் ரூம்லதான் இருந்தேன்."

இதில் ஒரு பொய்கூட இல்லை என்பதைப் பார்க்கிறீர்கள். என் அறையில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கவே இல்லை. வெந்த காலோடு ஒருவன் கத்திக்கொண்டிருந்தான் என்று தெரிந்திருந்தால் ஆறு பேரும் ஆமோஸை விட்டிருப்பார்கள். அதையும் நான் அறிவேன். கேட்காத கேள்விக்கு விடை எழுதுவது என் வேலையில்லை.

ஒரு வருடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று தீர்ப்பானது. அவன் திரும்பவில்லை. கோடை இடம் எனக்குக் கிடைத்தது. அந்த ஆய்வகத்தில்தான் இன்றும் வேலை செய்கிறேன். அங்கே என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். கிட்டத்தட்ட என்று யாரும் சொல்வதில்லை.

ஆமோஸ் புறப்பட்ட காலை அவன் பெட்டிகளில் ஒன்றை நான் பேருந்து நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் காத்திருந்தேன். திட்டுவான், அல்லது அடிப்பான், அல்லது திரும்பிப் போய் லெனோரிடம் எல்லாவற்றையும் சொல்வான். என் வாயில் பதில்கள் தயாராக இருந்தன. அவனுக்கும் நேரம் இருந்தது. பேருந்து இருபது நிமிடம் தாமதம்.

அவன் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, "கால் ஆறிடுச்சாடா?" என்றான்.

"ஆறிட்டு வருது" என்றேன்.

"தண்ணி படாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான்.

எனக்கு வருத்தமுண்டா என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அந்த இருபது நிமிடத்தில் அவன் என்னைப் பற்றி ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் சமமாகியிருப்போம். அவன் சொல்லவில்லை. அதற்காக அவனை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.