கள்ளில் தண்ணீர்

கரடியனாறு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறார்கள். மடியில் மருந்துப் பை.

புருசன் சொன்னார்: "நேத்து கள்ளுக்காரனோட சண்டை பிடிச்சிட்டன் புள்ள. கள்ளுல தண்ணி கலந்திட்டான்."

"எப்பிடித் தெரியும்?"

"கொஞ்சமும் ஏறல்ல. அரைவாசிய வெச்சிட்டு வந்திட்டன்."

பெண்சாதி சிரித்தார். "கலியாணம் முடிச்சு இண்டைக்குத்தான் நீங்க கள்ள மிச்சம் வெச்ச கதையக் கேக்கிறன். அவன் தண்ணி கலக்கல்ல. குடியை விடுறதுக்கு டொக்டர் போன முறை தந்த குளிசை வேலை செய்யுது."

புருசன் பையைத் திறந்து குளிசையைப் பார்த்தார்.

"அப்ப அவனைச் சும்மா ஏசிப்போட்டன்."

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"போனா ஒரு போத்தல் தருவான்."

"தந்தா கொண்டு வாங்க. அத ஊத்தி அப்பத்துக்கு மா புளிக்க வைப்பன்."

"எனக்கு முட்டை அப்பம் சுடு புள்ள."