முப்பதாவது சொட்டு

என் பெயர் ஹென்றி, தகப்பனார் பெயர் வேதநாயகம், வயது 36, கத்தோலிக்கன், ஜார்ஜ் டவுன் ஆர்கைல் சாலையில் குடியிருக்கிறேன். வெல்ட் கீ படகுத்துறை அருகே படகுச் சாமான் செய்யும் பட்டறையில் ஏழு வருடமாகப் பாஸ்பேட் தொட்டியைக் கவனிக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. 1936 ஜூன் 24 ஆகிய இன்று காலை நானாக நிலையத்துக்கு வந்து இன்ஸ்பெக்டர் முன்னிலையில் தமிழில் சொல்கிறேன்.

இரும்புச் சாமானைக் கொதிக்கிற பதத்திலுள்ள பாஸ்பேட் கரைசலில் ஒரு மணி நேரம் போட்டால் மேலே கருத்த தோல் படியும். அதன்மேல் எண்ணெய் பூசினால் கடல் உப்பு சீக்கிரம் தின்னாது. கரைசலின் புளிப்பு சரியாக இருந்தால்தான் தோல் பிடிக்கும் என்பதால், தினமும் காலையில் கொஞ்சம் கரைசலைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, நிறம் காட்டும் மருந்தை இட்டு, காரநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு தோன்றுவது எத்தனையாவது சொட்டில் என்று பதிவேட்டில் எழுதவேண்டும். முப்பதை ஒட்டி வந்தால் சரி. மிகக் குறைந்தால் புளிப்பு போதாது, பாஸ்பேட் சேர்க்கவேண்டும். நாற்பதைத் தாண்டினால் புளிப்பு அதிகம், தண்ணீர் சேர்க்கவேண்டும். சொட்டு விட ஒருவர், நிறம் பார்க்க ஒருவர், இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

சொட்டு விடுபவன் நான். நிறம் பார்ப்பவர் சூலியா தெரு மீரா சாகிப், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குப் பிறவியிலேயே இளஞ்சிவப்பு தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே சாகிப் அதைக் கண்டுகொண்டார். "வந்துடுச்சு லா, நிறுத்து" என்பார், நான் நிறுத்துவேன். தெரிந்தால் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவி டோரதிக்குக்கூட நான் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்கு நான் புக்கிட் மெர்தாஜம் போகும் நாளில், என் கையெழுத்தையும் சாகிப்பே போட்டுவிடுவார். நோன்புப் பெருநாளன்று அவருடையதை நான் போடுவேன். இது துரைக்குத் தெரியாது. அந்தப் பெருநாள் காலைகளில் அவர் விடிந்ததும் வந்து நிறம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார்.

சென்ற டிசம்பர் 27 பெருநாள். அவசர வேலை என்று எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் நான் அவரிடம், "பிள்ளைங்களோட இருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் தயங்கினார். நான்தான் பெரிய மனிதனைப்போல் வற்புறுத்தினேன்.

பெருநாள் காலை தனியாக முப்பது சொட்டு விட்டேன். குவளையில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் தெரியவில்லை. பக்கத்துக் கொட்டகையில் சீனக் கொல்லன் இருந்தான், கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான் என்று கூப்பிடவில்லை. நாற்பத்தேழில் குவளை சற்று மங்கினாற்போல் இருந்தது. புளிப்பு ஏறிவிட்டது என்று எண்ணி, கரைசலில் பாதியை இறைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகு ஒரு மோட்டார் படகின் சுக்கான் சங்கிலியின் கண்ணிகளைப் பூட்டும் பன்னிரண்டு இரும்பு ஊசிகளைப் போட்டேன். வழக்கமாகப் பொங்கும் குமிழ் அன்று பொங்கவில்லை. ஊசிகள் வெளிறி வந்தன. எண்ணெய் பூசியதும் கருப்பாகத்தான் தெரிந்தன. பகலில் சாகிப் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தது. அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பதிவேட்டில் முப்பத்தொன்று என்று பொய் எழுதி, அவர் கையெழுத்தையும் போட்டேன்.

மறுநாள் பதினாறாவது சொட்டிலேயே சாகிப் நிறுத்தச் சொன்னார். "நேத்து சரியா வந்துச்சா?" என்று கேட்டார். சரியாக வந்தது என்றேன். அவர் நம்பி, பாஸ்பேட் சேர்த்துக் கரைசலைச் சரிசெய்தார். ஊசிகள் அதுவரை படகுக்குப் போகவில்லை, அலமாரியில்தான் இருந்தன. அப்போது நான் வாய் திறந்திருந்தால் அந்தப் படகில் வேலை செய்த நல்லமுத்து இன்று உயிரோடு இருப்பான்.

ஜூன் 11 அன்று காற்றுமழையில் அந்தப் படகின் சங்கிலி ஊசி துருவால் முறிந்து, சுக்கான் பிடி கொடுக்காமல் படகு துறைத் தூணில் மோதியது. கயிறு எறிய நின்ற நல்லமுத்து இடையில் நசுங்கி இறந்தான். எனக்கு அவனைத் தெரியாது. அடக்கத்தன்று தூரத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஜூன் 15ஆம் தேதி, நிறம் பார்ப்பவர்தான் பொறுப்பு என்று, தோல் பிடிக்காத ஊசிக்குப் பொய்க் கையெழுத்திட்டதாகச் சாகிப்பைப் பிடித்தார்கள். பெருநாளன்று வரவில்லை என்று அவர் சொன்னால், கையெழுத்தைப் போட்டது யார் என்று கேட்பார்கள். ஆகவே அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நிறம் பார்க்க வேறு ஆளைப் போட்டார்கள், நானும் ஒன்பது நாள் வேலைக்குப் போய்வந்தேன்.

நேற்று அவர் மனைவி ஹபீபா பீவி என் வீட்டுக்கு வந்தார். "அவரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு தம்பி. ஹென்றி வீட்டுல அரிசி இருக்கான்னு மட்டும் கேட்டு வரச் சொன்னாரு" என்றார். நிறம் சொல்லத் தான் இல்லாததால் நான் வேலையை விட்டிருப்பேன் என்று சாகிப் நினைத்திருக்கிறார். டோரதிதான் அரிசி இருக்கிறது என்று சொன்னாள்.

இன்று இன்ஸ்பெக்டர் இரண்டு குவளைகளை மேசைமேல் வைத்து, எது சிவந்தது என்று கேட்டார். நான் வலப்பக்கத்தைக் காட்டினேன். அது தண்ணீர் என்றார்.

மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதன் கீழ் என் பெயரை மட்டுமே எழுதுகிறேன்.

(ஒப்பம்) வே. ஹென்றி