பாதி விலையில் ஒரு சீட்டு

கொல்லிமலை பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றபோதுதான் முன் சீட்டுப் பேச்சு என் காதில் விழுந்தது.

"திருச்சி வேண்டாம் அம்மிணி. மஸ்கட்டுல இருந்து அங்க வாரது ஒரே கம்பெனி பிளேன்தான். அவன் வெச்சதுதான் ரேட்டு. வேற ஊரு ஏதாச்சும் பாரு."

சொன்னவர் மிளகு விற்றுவிட்டுக் காலிச் சாக்கோடு மலைக்குத் திரும்பும் ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்த இளம்பெண் அவருக்காகத் தன் செல்போனில் விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு உண்டான பழக்கம் போலிருக்கிறது.

"கோயமுத்தூருக்கு நேரா பிளேனே இல்லீங்க."

"பெங்களூரு?"

"கொஞ்சம் கம்மிங்க. இருங்க, கொச்சிக்கு மூணு கம்பெனிக்காரங்க ஓட்டறாங்க. திருச்சி ரேட்டுல பாதிதானுங்க! அங்கிருந்து ரயில்ல சேலம் வந்துடலாம்."

"பாதியா? நல்லாப் பாத்தியா?"

"ஆமாங்க. பொங்கலுக்கு முந்தின நாளு சீட்டு இருக்குது. உங்க பையன் நம்பரைச் சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன். மேல ஏறிட்டா சிக்னல் கெடைக்காது."

பஸ் கிளம்பியது. பெரியவர் சாக்கை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். முதல் வளைவு வந்துவிட்டது.

"நம்பர் சொல்லுங்க."

"வேண்டாம் கண்ணு. ஒவ்வொரு பொங்கலுக்கும் டிக்கெட் ரேட்டு சாஸ்தி, அதான் வரலைங்கறான். நானும் சரி சாமின்னு போனை வெச்சுடறேன். இதைக் காட்டிட்டா, அப்புறம் அவன் வேற என்னத்தச் சொல்லுவான்?"