லேயாளைக் கேட்டது யாரு?

சரி... வேதத்தை மூடி மடியில வைங்க. தன்னோட இளைய மக ராகேலைக் கேட்ட யாக்கோபுக்கு லாபான் மூத்தவ லேயாளை ஏமாத்திக் கட்டிவச்ச கதையை நான் ஏன் இவ்வளவு நேரம் தொண்டை வறளக் கத்துறேன்னு ஒரு சின்ன சம்பவத்தைச் சொன்னா விளங்கும். நான் தலைகுனிஞ்ச சம்பவம். அதனால நிச்சயம் தூங்க மாட்டீங்க.

முன்னால நான் போதகரா இருந்த சேகரத்துல ஞானசிகாமணின்னு ஒரு வாத்தியார். ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ ஜெபக்கனி, ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை, கனத்த கண்ணாடி போட்டிருப்பா. இளையவ ஷீலா, காலேஜ்ல கடைசி வருஷம். மூத்தவளைப் பாக்க ஒரு மாப்பிள்ளை வீட்டாரை நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

உக்காந்தோம். ஜெபம் பண்ணினோம். ஷீலா காப்பி கொண்டுவந்தா... அவ்வளவுதான். மாப்பிள்ளையோட அம்மா பார்வை அவ மேல போச்சு, திரும்பல. மூத்தவளுக்குக் கண்ணு சரியில்ல போல, இளையவளையே பேசி முடிச்சா என்னன்னு என் காதுல கேக்குறாங்க. காதுலன்னு பேரு... வீடு முழுக்கக் கேட்டுது.

வாத்தியார் என்னைப் பாக்குறார். நான் என்ன செஞ்சிருக்கணும்? எழுந்து வந்திருக்கணும். என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே, "யாக்கோபுக்கே இளையவ மேலதான பிரியம், வாத்தியாரே"ன்னேன். வேத வசனத்தை எடுத்து அந்தப் புள்ள மூஞ்சியிலயே வீசினேன்.

ஜெபக்கனி கதவோரம் நின்னா. அழல. "ஐயா, ரெபெக்காளைக் கட்டிக்குடுக்கும்போது அவ அண்ணன் லாபான் என்ன சொன்னான்?"னு கேட்டா.

பொண்ணைக் கூப்பிட்டு அவ வாயாலயே கேப்போம்னு அவனும் அவங்கம்மாவும் சொன்னாங்கன்னேன். கேட்டாங்க, அவளும் போறேன்னு சொன்னான்னேன்.

"அதே லாபான் சொந்தப் பொண்ணுங்களைக் கட்டிக்குடுக்கும்போது... லேயாளை யாருய்யா கேட்டா? ராகேலை யாரு கேட்டா?"

முப்பது வருஷமா இதைப் பிரசங்கம் பண்றேன். தங்கச்சிக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம்னு அந்த மனுஷன் நடந்தது என் கண்ணுல படவேயில்ல.

அப்புறம்தான் கேட்டேன். வெக்கமா இருந்துது... ஆனாலும் கேட்டேன். "உனக்கு இந்தச் சம்பந்தத்துல சம்மதமாம்மா?"

"இல்லய்யா. கிறிஸ்மஸுக்கு முந்தியே அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

ஷீலாவையும் கேட்டேன். படிப்பை முடிக்கணும், வேண்டாம்னா. வந்தவங்க காப்பியைக் குடிக்காமலே கிளம்பிட்டாங்க. வாத்தியார் ஒரு வருஷம் என்கூடப் பேசல. நாலு வருஷம் கழிச்சு ஜெபக்கனி, கூட வேலை பாக்குறவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, இவரைத்தான் கட்டிக்கிறேன்னா. நான்தான் தாலி எடுத்துக் குடுத்தேன். வாத்தியார் முன் வரிசையில நின்னு எல்லாரையும்விடச் சத்தமாப் பாட்டுப் பாடினார்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். ரெபெக்காளைக் கேக்க எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரே கேள்வி. இந்த மனுஷனோட போறியாம்மா? அதைக் கேக்காத வீட்டுல அக்காளும் தங்கச்சியும் ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டு வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க. இதைத்தானே வீட்டுல தினம் வாசிக்கிறீங்க? மண்டபம் பேசுறீங்க... பத்திரிகை அடிக்கிறீங்க... சேலை நிறத்துக்காக நாலு கடை ஏறி இறங்குறீங்க... பெத்த புள்ளகிட்ட ஒரு கேள்வி கேக்க மட்டும் வாய் வராதா?

வர்ற ஞாயிறு வாசிக்கச் சொல்லி மூணு கல்யாண அறிவிப்பு ஓலை எழுதிக் குடுத்திருக்கீங்க. மூணு பொண்ணுங்களும் இங்கதான் இருக்காங்க. ஆராதனை முடிஞ்சதும் என்னை வந்து பாக்கட்டும். தனித்தனியா. அப்பா அம்மா வெளிய நில்லுங்க. சம்மதம்னு அவங்க வாயால நான் கேக்காம... இந்த இடத்துல நின்னு ஒரு ஓலையும் வாசிக்க மாட்டேன்.