எல்லோருக்குமான பொத்தான்

மணிச் சத்தம் கேட்டால் எனக்குத் தலை வலிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய செயலியில் மணி இருந்தது.

எங்கள் குளிர் கிடங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கும் அறை. அதன் கதவு சில சமயம் உள்ளிருந்து திறக்காது. உள்ளே போன் சிக்னலும் கிடையாது, அலுவலக வைஃபை மட்டும்தான் எட்டும். அதனால் உள்ளே போகிறவர்களின் போனில் மட்டும் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் அலுவலகம் முழுக்க மணி அடிக்கும். யாராவது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "குளிர்ல நிக்கறவங்க மட்டுந்தான் மனுசங்களா? எங்களுக்கும் ஆயிரம் தேவை இருக்கு" என்றார் கணக்காளர். செயலியைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதால் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் பயன்படற மாதிரி மாத்திடுங்கம்மா."

மாற்றினேன். பொத்தான் எல்லோருக்கும் வந்தது. அழுத்தினால் என்ன தேவை என்று கேட்கும்: விளக்கு, தண்ணீர், தள்ளுவண்டி, பிரிண்டர், மற்றவை. மணி கிடையாது. அழைப்புகள் வந்த வரிசையில் என் திரையில் நிற்கும். நான் ஆள் அனுப்புவேன். ஒருவரே பலமுறை அழுத்தினாலும் ஒரே அழைப்பாகத்தான் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் எண் மட்டும் கூடும். ஒருவரே இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாதல்லவா. கதவு என்று தனியாக எதையும் வைக்கவில்லை. கதவைச் சீக்கிரம் சரிசெய்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கிடங்கில் வேலை பார்த்தவள் என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். புதிய செயலியை நான் எல்லோருக்கும் விளக்கிய அன்று, தடித்த கையுறையோடு போனைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணி, இந்தக் கையோட இத்துனூண்டு எழுத்த எப்படித் தொடறது? அடியில இருக்கற மற்றவைதான் படுது."

"அப்ப மாட்டிக்கிட்டா அதையே அழுத்து" என்றேன்.

"அழுத்தறேன். நான் ஐஸ் கட்டி ஆனப்புறம் மெதுவா வந்து எடுத்துட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அது போதவில்லை. "எங்க அண்ணி செஞ்சது எல்லாருக்கும் பயன்படும், என்னைத் தவிர." மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒருநாள் சும்மா அழுத்தினாள். ஆள் ஓடியதும், "வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றாளாம்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் பிற்பகல் மறுபடியும் அவள் பெயர் வந்தது. மற்றவை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவளுக்கு முன்னால் வாசல் விளக்கும் பிரிண்டரும் இருந்தன. அவற்றுக்கு ஆள் அனுப்பினேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. சொந்தக்காரி என்று சலுகை காட்டுகிறவள் இல்லை நான்.

வரிசையை மாற்ற முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். அந்த வசதியை வைத்ததே நான்தான். அன்று ஒரே ஒருமுறை மாற்றினேன். அவளுக்குப் பின்னால் வந்த தள்ளுவண்டியை அவளுக்கு முன்னால் ஏற்றினேன். பிறகு தண்ணீரையும். அண்ணி ஆள் அனுப்பியதால்தான் பிழைத்தேன் என்று அவள் எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் குளிர வேண்டியிருந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் கிடங்குக்குள் போனதே இல்லை.

ஒரு கட்டத்தில் எண் நின்றுவிட்டது. அவளே வெளியே வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அழைப்பை 'முடிந்தது' என்று குறித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்து என் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க அவ? உன்கூட வரலையா? ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அது பொய்யில்லை. என்ன வேண்டும் என்று அவள் கடைசிவரை தேர்ந்தெடுக்கவே இல்லை.