ஒன்பதாம் பாகத்துக்கு இரண்டு முடிவு

வாக்குமூலம் கொடுப்பவரின் வயது பதினாறு. பதினெட்டு நிரம்பாததால் பெயர் தனித்தாளில் எழுதி மூடி வைக்கப்பட்டுள்ளது. முகவரி: பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு, சலவைக்கடை மாடி. படிப்பு எட்டாம் வகுப்பு வரை. வேலை, வாடகை நூலகத்தில் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்வது. வாயால் சொன்னபோது முன்பின்னாக வந்ததால், ஆய்வாளர் அம்மா தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொன்னார்கள். அதன்படி நானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சண்டை வரப்போவதற்கு அடையாளமாக நான் முதலில் கவனித்தது, கணக்கு சார் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டதை. அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எங்கள் நூலகத்தின் பழைய வாசகர். சண்டை போடப் போகும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றுவார். ஏன் என்று ஒருமுறை தையல்கார அக்கா கேட்டதற்கு, "எதிராளி மொகம் தெரிஞ்சா பாவம்னு தோணிடும்மா" என்று சொன்னார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கைக்கெட்டும் தூரம்கூடத் தெளிவாகத் தெரியாது.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொடரில் புதிய பாகம் வந்தால், எல்லோரும் படித்து முடிக்கும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். அன்றைக்குப் பேச எடுத்தது 'தூரத்துக் கலம்' என்ற விண்வெளித் தொடரின் ஒன்பதாம் பாகம். அதுதான் கடைசிப் பாகம். ஊரையே தூங்க வைத்து ஏற்றிக்கொண்டு வேறு கிரகம் தேடிப் போகிற ஒரு கப்பலின் கதை. கப்பலில் விழித்திருப்பவள் அதன் தலைவி ஒருத்திதான். எங்களிடம் அதில் இரண்டு பிரதிகள் இருந்தன.

பேசியவர்கள் வட்டமாக இருந்தார்கள். நான் கடைசி அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். தொடரின் முதல் எட்டு பாகங்களும் அந்த அலமாரியில் இருந்தன. ஒன்பதாம் பாகத்தின் இடம் காலியாக இருந்தது. அந்த இடைவெளி வழியாக அவர்களுடைய முகமும், அலமாரிக்கு அடியில் அவர்களுடைய கால்களும் எனக்குத் தெரிந்தன.

முதலில் மருந்துக்கடைக்காரர் பேசினார். "இத்தன வருஷம் காத்திருந்து காத்திருந்து படிச்சேன். கடைசியில தலைவிய கப்பலோட கதவுப்பிடியில கை வைக்க விட்டுட்டு அந்த ஆளு பேனாவ மூடிட்டாரு. என் ஆயுச யாரு திருப்பித் தருவா?" என்றார். அதன் பிறகு தையல்கார அக்கா, படித்து அழுததாகவும், அழுததில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடதுகை வைத்துத் தைத்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு கணக்கு சார், இதுதான் சரியான முடிவு என்றும், கதவைத் திறக்காமல் விட்டதில்தான் எழுதியவரின் பெருமை இருக்கிறது என்றும் சொன்னார்.

அதன் பிறகு என் அண்ணன், "அவதான் கதவத் தொறந்துட்டாளே சார்!" என்றான்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் பாகத்தின் முதல் பிரதி வந்த அன்றே, பைண்டிங் ஆகும்வரை பொறுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். தையல்கார அக்காவும் அதைத்தான் வாங்கிப் படித்தார். பைண்டிங் ஆன இரண்டாவது பிரதியைத்தான் கணக்கு சாரும் மருந்துக்கடைக்காரரும் படித்தார்கள்.

"எங்கடா தொறந்தா? கனவுலயா?" என்று சார் கேட்டார்.

"தொறந்தா சார். வெளிய மழ பேஞ்சுது. நான் கதவு தொறக்குற பொழப்புல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீ புத்தகத்தப் படிச்சியா, இல்ல லிஃப்டுல ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள பின்னட்டைய மட்டும் பாத்தியா?"

"நீங்கதான் சார் அந்தக் கப்பல்ல தூங்குற கூட்டத்தோட சேந்து தூங்கிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்கார அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், சிரிப்பில் அது காதில் விழவில்லை. சார் சிரிக்கவில்லை. அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அண்ணன் தன் பிரதியை எடுத்துக் காட்டுவதாகச் சொன்னான். சார், "என் பிரதிய நான் காட்டுறேன், இருடா" என்று விரலை நீட்டியபடியே பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால், அலமாரியின் ஓரத்தில், என் பசை டப்பா வைத்த முக்காலி இருந்தது. அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

நான் பார்த்தது இது. சாருடைய குதிகால் முக்காலியில் இடித்தது. முக்காலி சாய்ந்தது. அதுவரை அண்ணனின் கால்கள் அவன் எழுந்த இடத்திலேயே, நாற்காலியை ஒட்டி இருந்தன. சார் சாய்ந்த பிறகுதான் அந்தக் கால்கள் ஓடி வந்தன. இடைவெளி வழியாக அண்ணனின் கை சாருடைய சட்டையைப் பிடித்ததைப் பார்த்தேன். சட்டை பிடியில் நிற்கவில்லை. சாருடைய தலை அலமாரியின் விளிம்பில் பட்டு அவர் கீழே விழுந்தார். பசை முழுவதும் கொட்டியது. பிடித்த கையை அண்ணன் விரித்தபோது அதில் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. இழுத்துப் பிடித்ததில் வந்த பொத்தான் அது.

அதன் பிறகு சாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு நினைவு இல்லை. காவலர்கள் வந்து விசாரித்தபோது, மருந்துக்கடைக்காரர், அண்ணனின் கை சாருடைய நெஞ்சில் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்தது அண்ணனின் முதுகுப் பக்கம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தையல்கார அக்கா, விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பியதாகச் சொன்னார். அண்ணன்தான் தள்ளிவிட்டான் என்று அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டார்கள். அலமாரிக்குப் பின்னால் ஒருத்தி இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போதும் இப்படித்தான் ஆகும்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக் மேல் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் விடமாட்டார்கள். அம்மா இரவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை, பசை கொட்டிய இடத்தைத் துடைக்க வரச்சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். நான் போய்த் துடைத்தேன். பசையை வழித்தெடுக்கத் தாள் தேடிக் கழிவுத்தாள் கூடையில் கை விட்டபோது, வெட்டிய பக்கங்கள் சில கட்டாக வந்தன. மேலே 'மழை' என்று அத்தியாயத் தலைப்பு இருந்தது. முதல் வரியில் தலைவி கதவைத் திறந்தாள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் புத்தகத்தின் கடைசியில் வரும் விளம்பரப் பக்கங்களை முதலாளியே கத்தியால் வெட்டி எடுத்துவிடுவார். தையல் இறுக்கமாக நிற்கும் என்பதற்காக. இந்தத் தொடரில் கதை முடிந்ததும் முழுக் கறுப்பாக ஒரு படம் வரும், அதற்குப் பின்னால் விளம்பரம். ஒன்பதாம் பாகத்தில் மட்டும் கறுப்புப் படத்துக்குப் பின்னால் ஒரு அத்தியாயம் இருந்திருக்கிறது. முதலாளி கதை படிக்கிறவர் இல்லை. தாள்களைக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கறுப்பு வந்தா கத முடிஞ்சுதுன்னு அர்த்தம். எட்டு பாகமும் அப்படித்தானம்மா இருந்துச்சு! நான் என்ன ஜோசியமா பாத்தேன்?" என்றார். அதன் பிறகு, "மொதல்ல இத சார்கிட்ட கொண்டுபோ. நெனப்பு வந்துடுச்சாம், இப்பதான் சொன்னாங்க" என்றார்.

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். சார் தலையில் கட்டோடு படுத்திருந்தார். கட்டு இருந்ததால் கண்ணாடி மாட்ட முடியவில்லை. தாள்களை நீட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? படி, கேக்குறேன்" என்றார். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். முதலாளி விளம்பரம் என்று நினைத்து வெட்டிய பக்கங்கள் என்று சொல்லி வாசித்தேன். முதல் பக்கம் எனக்கே கேட்கவில்லை, சார் இரண்டு முறை "சத்தமா" என்றார். மூன்றாவது பக்கத்தில் பக்கத்துக் கட்டில்காரர் தன் ரேடியோவை நிறுத்திவிட்டார். கப்பலில் தூங்குபவர்களில் ஒரு குழந்தை முதலில் எழுந்து, மழையைக் காட்டி இது என்ன சத்தம் என்று கேட்கிற இடத்தோடு புத்தகம் முடிந்தது.

சார் தாள்களை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு, "ஒங்க அண்ணன் சொன்னது சரிதான். தொறந்துட்டா" என்றார். "ஆனா எனக்கு இது பிடிக்கல. முன்னாடி முடிஞ்சுதே, அதுதான் முடிவு. ஒங்க மொதலாளிக்கு இருக்குற அறிவு எழுதினவனுக்கு இல்ல. எங்க ஒங்க அண்ணன்? வரச்சொல்லு. சண்டை பாக்கி இருக்கு."

அண்ணன் காவல் நிலையத்தில் இருப்பதைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"விழுந்தது எனக்கு நெனப்பு இல்லம்மா. ஒரு கை வந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். தெரியாதத தெரியும்னு நான் சொல்ல முடியாது. பாத்தவங்க சொல்லணும். யாரு பாத்தா?"

"நான் பாத்தேன் சார்" என்றேன். அது அந்த அறை முழுவதும் கேட்டது.

"அப்ப இங்க ஏன் நிக்கிற?" என்றார்.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

மேலே உள்ளதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே எழுதினேன். ஆய்வாளர் அம்மா இதை எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார்கள், எழுதியபடியே இருந்தது.

(கையெழுத்து)

பொருள் பெற்றதற்கான ஒப்புதல்: மருத்துவமனையில் சாரை விசாரித்து, கடையில் மருந்துக்கடைக்காரரை மறுபடி விசாரித்து, தள்ளியதைப் பார்க்கவில்லை என்று அவர் சொன்ன பிறகு, வழக்கு இல்லை என்று முடித்து, அண்ணனின் சாவிக்கொத்து, கருவிப்பை, ஒன்பதாம் பாகத்தின் இரண்டு பிரதிகள் ஆகியவற்றை என்னிடம் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டேன். அண்ணன் வாசலில் நின்று, சார் கடைசி அத்தியாயத்துக்கு என்ன சொன்னார் என்று கேட்கிறான். பிடிக்கவில்லையாம் என்று சொன்னேன். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் இன்னும் முடியவில்லை என்பதால் இருவரும் மருத்துவமனைக்குப் போகிறோம்.

(கையெழுத்து)